மாரடைப்பு: நானோதுகள்வழி இலக்கு மருந்தேற்றம்

மாரடைப்பால் சேதமுற்ற இதயத்தசையில் மருந்தைச் செறிவாகச் சேர்ப்பதற்கு, சில நூறு நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களைச் சுமப்பிகளாகப் பயன்படுத்தும் ஆய்வுநிலைச் சிகிச்சைமுறை. லைப்போசோம்களும் பாலிமர் துகள்களும் முதன்மை வகைகள். இலக்கடைவு இருவழிப்படும்: குருதியோட்டம் தடைப்பட்ட பகுதியில் நுண்குழாய்ச் சுவர்கள் கசிவதால் துகள்கள் தாமாகவே அங்கே தேங்குவது ஒன்று, துகளின் மேற்பரப்பில் பிணைத்த எதிர்ப்பொருள், சவ்வு சிதைந்த தசைச்செல்லில் வெளிப்படும் மயோசினைப் பற்றுவது மற்றொன்று. 1977இல் காரிடே, சாரெட் இருவரும் விலங்குச் சோதனையில், பாதிப்புற்ற இதயத்தசையில் லைப்போசோம்கள் குவிவதைக் காட்டினர். துறையின் அடித்தளம் இதுவே எனலாம். அடைப்பை நீக்கியபின் மீளும் குருதியோட்டமே விளைவிக்கும் சேதத்தைக் குறைப்பது தலையாய நோக்கம். இதற்கெனப் பிட்டாவாஸ்டாட்டின் ஏற்றிய பாலிமர் துகள்களை ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தினர் விலங்குகளில் சோதித்துள்ளனர். செலுத்திய துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடித்தெடுத்துவிடுவது முதன்மைத் தடை.