முதல் அசைவு

கர்ப்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் இரண்டு முனைகளைத்தான் எழுதுகிறார்கள். முதலில் மசக்கை, கடைசியில் பிரசவம். இடையில் வரும் நாலாம், ஐந்தாம், ஆறாம் மாதங்கள் வெறும் காத்திருப்பாகக் கழிந்துவிடுகின்றன. 16ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அங்கே கர்ப்பம் ஊர்ஜிதமானதே இந்த நடு மாதங்களில்தான்.

மாதவிலக்கு நின்றுபோவதை அன்றைய வைத்தியம் நிச்சயமான அடையாளமாகக் கொள்ளவில்லை. நோயாக இருக்கலாம், ரத்தம் கட்டிக்கொண்டிருக்கலாம். மாதக்கணக்கில் சந்தேகத்திலேயே இருந்த பிறகு, ஒரு நாள் உள்ளே ஏதோ அசைகிறது. இதற்கு ஆங்கிலத்தில் ‘க்விக்கனிங்’ என்று பெயர். ‘க்விக்’ என்றால் இன்று வேகம். பழைய பொருள், உயிருள்ளது. பிள்ளைக்கு உயிர் வந்துவிட்டது என்று சாதாரண ஜனங்களும் சட்டமும் ஒப்புக்கொண்ட கணம் அது. அந்த முதல் அசைவை வேறு யாரும் பார்க்க முடியாது, கேட்க முடியாது. அவள் சொன்னால்தான் உண்டு. ஆகவே அது உடலில் நிகழ்ந்த ஒன்று என்பதோடு ஒரு வாக்குமூலமாகவும் இருந்தது. சொன்னவள் யார் என்பதைப் பொறுத்து அந்த வாக்குமூலத்தின் கதி மாறியது.

முதலில் அரண்மனை. எட்டாம் ஹென்றியின் மூன்றாம் மனைவி ஜேன் சீமோர் தன் பிள்ளை அசைவதை உணர்ந்ததற்காக, 1537 மே 27 அன்று லண்டன் செயின்ட் பால் ஆலயத்தில் நன்றிப் பாடல் பாடினார்கள். அன்றிரவு தெருக்களில் தீ வளர்த்து, ஜனங்களுக்கு ஒயின் ஊற்றினார்கள். ஒரு பெண் தன் வயிற்றுக்குள் உணர்ந்த சிறு சலனம் மாலைக்குள் நகரத்தின் விழாவாகிவிட்டது. அக்டோபரில் ஆண் பிள்ளை பிறந்தது. பன்னிரண்டாம் நாள் தாய் இறந்தாள்.

அடுத்த தலைமுறையில் ராணி மேரி. 1554 நவம்பரில் போப்பின் தூதராக வந்த கார்டினல் போலை வரவேற்றபோது, தன் வயிற்றில் பிள்ளை துள்ளியதாக அவள் உணர்ந்தாள் என்று சொல்லப்பட்டது. லூக்கா சுவிசேஷத்தில் மரியாளின் குரல் கேட்டு எலிசபெத்தின் வயிற்றுப் பிள்ளை துள்ளுவதை அறிந்தவர்கள் இதன் அர்த்தத்தைப் புரிந்துகொண்டிருப்பார்கள். அந்த மாதமே செயின்ட் பாலில் நன்றிப் பாடல் பாடப்பட்டது. 1555 ஏப்ரலில் ராணி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பிரசவத்துக்காக ஒதுங்கினாள். ஏப்ரல் கடைசியில் பிள்ளை பிறந்துவிட்டதாக வதந்தி பரவி, லண்டனில் கோயில் மணிகள் அடித்தன. பிள்ளை பிறக்கவில்லை. ஆகஸ்டில் அவள் அரண்மனையை விட்டுக் கிளம்பினாள். மேரி பொய் சொன்னாள் என்பதற்கு ஆதாரமில்லை. அவள் நம்பினாள், நம்ப வேண்டிய அவசியமும் அவளுக்கு இருந்தது. ஒரு தேசத்தின் மதமே அவளுடைய உள்ளுணர்வின் மேல் நின்றது. தன் உடலை ஒரு பெண் எவ்வளவு தூரம் தானாகவே வாசிக்கிறாள், எவ்வளவு தூரம் பிறர் எழுதியதை அதில் வாசிக்கிறாள் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

இதே அசைவை எலிசபெத் ஜாஸ்லின் வேறுவிதமாக வாசித்தாள். பிஷப் ஒருவரின் பேத்தி, படித்தவள். 1622இல் முதல் கர்ப்பம். பிள்ளை அசைந்ததை உணர்ந்ததும், தன் சவத்தைச் சுற்றுவதற்கு ஒரு புதுத் துணியை ரகசியமாக வாங்க ஏற்பாடு செய்தாள். பிறகு, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினாள். ஆணாகப் பிறந்தால் இப்படி, பெண்ணாகப் பிறந்தால் இப்படி என்று புத்திமதிகள். அக்டோபரில் பெண் பிள்ளை பிறந்தது. ஒன்பதாம் நாள் அவள் இறந்தாள். கையெழுத்துப் பிரதி 1624இல் அச்சாயிற்று. அதற்கு முன்னுரை எழுதிய பாதிரியார் சொல்லியிருப்பதால்தான் அந்தத் துணியைப் பற்றி நமக்குத் தெரிகிறது. எனக்கு இதில் அச்சத்தை விடக் காரியசுத்தம்தான் தெரிகிறது. வீட்டுக்கு வேண்டியதை வாங்கும் அதே கவனத்தோடு அவள் அதையும் வாங்கியிருக்கிறாள். அவள் எழுதியதற்கு இலக்கிய மதிப்பு எவ்வளவு என்று வாதிடலாம். ஒரு பெண் தன் நடு மாதங்களை எழுத்தாக்கிக்கொண்டது அபூர்வம் என்பதில் வாதம் இல்லை.

வசதியான வீடுகளில் அசைவுக்குப் பின் வரும் மாதங்கள் தைப்பதில் போயின. பிள்ளைக்குச் சுற்றும் துணிகள், குல்லாய்கள், படுக்கை விரிப்புகள். அக்காள் தங்கைகளிடம் இரவல் வாங்குவதும் உண்டு. மருத்துவச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பிரசவ அறையில் கூட இருக்க வேண்டிய பெண்களை அழைத்துவைக்க வேண்டும். கர்ப்பம் இப்படித்தான் ஊரறிந்த விஷயமாயிற்று.

அதே வீட்டின் வேலைக்காரிக்கு, மணமாகாதவளாக இருந்தால், இந்த மாதங்கள் மறைக்கும் மாதங்கள். கச்சை இறுக்கிக் கட்டி, தண்ணீர் சுமந்து, தரை கழுவி, எஜமானி கேட்டால் வயிற்று நோய் என்று சொல்லி நாளைக் கடத்துவது. தெரிந்துவிட்டால் வேலை போய்விடும். முறையற்ற பிள்ளை எந்தத் திருச்சபை வட்டாரத்தில் பிறக்கிறதோ அந்த வட்டாரத்தின் தலையில் அதன் செலவு விழும் என்பதால், கர்ப்பிணிகளை எல்லைக்கு அப்பால் விரட்டிய அதிகாரிகள் இருந்தார்கள். 1624ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மணமாகாத பெண் தன் பிள்ளையின் சாவை மறைத்தால், பிள்ளை இறந்தே பிறந்தது என்று சாட்சி இல்லாத வரையில் அது கொலை என்று விதித்தது. ஜாஸ்லினின் புத்தகம் அச்சானதும் அதே ஆண்டில்தான். எழுதத் தெரிந்தவளின் அந்தரங்கம் புத்தகமாக விற்ற காலத்தில், எழுதத் தெரியாதவளின் அந்தரங்கம் குற்றமாயிற்று.

18ஆம் நூற்றாண்டு நீதிமன்றங்கள் இந்தச் சட்டத்தின் கடுமையைத் தளர்த்த ஒரு வழி கண்டன. குற்றம் சாட்டப்பட்டவள் முன்கூட்டியே பிள்ளைத்துணி தயாரித்திருந்தால், அவளுக்கு மறைக்கும் எண்ணம் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். எஜமானி பொழுதுபோக்காகத் தைத்த அதே குல்லாய், வேலைக்காரி தைத்திருந்தால் அவள் கழுத்தைக் காப்பாற்றியது.

தூக்குத் தண்டனை பெற்ற பெண் தான் கர்ப்பிணி என்று முறையிடலாம். அப்போது குடும்பப் பெண்கள் பன்னிரண்டு பேரை ஜூரியாக அமர்த்தி அவளைப் பரிசோதிப்பார்கள். ஆங்கிலேயப் பெண்கள் சாதாரண ஜூரியில் உட்காரும் உரிமை 1919இல்தான் வந்தது. அதற்கு முன் சில நூற்றாண்டுகள் அவர்கள் ஜூரியாக இருந்தது ஏறக்குறைய இந்த ஒரு காரியத்துக்கு மட்டுமே. கர்ப்பமாக இருந்தால் மட்டும் போதாது, பிள்ளை அசைந்திருக்க வேண்டும் என்று பிளாக்ஸ்டன் 1769இல் எழுதினார். அசைந்திருந்தால் பிரசவம் வரை தண்டனை தள்ளிப்போகும். டீஃபோவின் மால் ஃப்ளாண்டர்ஸ் (1722) இப்படித் தள்ளிப்போன தண்டனையின் இடைவெளியில் நியூகேட் சிறையில் பிறந்தவள். ஜான் கேயின் ‘பிச்சைக்காரர் ஓபரா’வில் (1728) சிறைப்பெண்களைக் கர்ப்பிணிகளாக்குவதே ஒருவனுக்குச் சம்பாத்தியம். சபை சிரித்தது. சிரிப்புக்கு அடியில் இருந்த ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

1803ஆம் ஆண்டின் எல்லன்பரோ சட்டம் 1624ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. கூடவே, அசைவுக்குப் பின் கருவைக் கலைத்தால் மரணம், அதற்கு முன் என்றால் அதிகபட்சம் 14 ஆண்டு நாடு கடத்தல் என்று கோடு போட்டது. 1821இல் பாரிஸில் கெர்காரதெக் என்ற வைத்தியர் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தார். பனிக்குட நீரில் பிள்ளை புரளும் ஓசையைத் தேடியவருக்கு இதயத் துடிப்பு கேட்டது. அதன் பிறகு அவள் சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. கருக்கலைப்புச் சட்டத்திலிருந்து அசைவு என்ற எல்லையை இங்கிலாந்து 1837இல் எடுத்துவிட்டது. பெண்கள் ஜூரி 1931இல் ஒழிந்தது. 1958இல் கிளாஸ்கோவில் அயன் டொனால்ட் அல்ட்ராசவுண்ட் படங்களை வெளியிட்டபோது, காதுக்கு வந்தது கண்ணுக்கும் வந்தது.

இதை ஒரு இழப்பாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் சரித்திர ஆசிரியை பார்பரா டூடன், பெண் உணர்ந்து சொன்ன இடத்தில் கருவி காட்டும் பிம்பம் வந்து அமர்ந்துவிட்டது என்கிறார். உண்மைதான். ஆனால் பழைய ஏற்பாட்டில் அவளுடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. அரசுரிமையோ தூக்குக் கயிறோ காத்திருந்தபோதுதான் அதிகாரம் அவள் சொல்லைக் கேட்டது. மற்ற நேரங்களில் அவள் என்ன உணர்ந்தாள் என்பதை யாரும் குறித்துவைக்கவில்லை.

இந்தச் சொல் நம்மிடம் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்து 1837இல் கைவிட்ட பாகுபாட்டை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் வைத்துக்கொண்டது. கருக்கலைப்புக்கு மூன்று ஆண்டு வரை சிறை, பிள்ளை அசைந்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் வாரங்களால் கணக்கிட்டது. ஆனாலும் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 88ஆம் பிரிவில் அந்தப் பழைய ‘க்விக்’ அப்படியே இருக்கிறது. காலனியச் சட்டத்தைக் களைந்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு வந்த சட்டம் அது. ராணிக்கு நன்றிப் பாடலும், ஜாஸ்லினுக்குச் சவத்துணியும், பெயர் தெரியாத வேலைக்காரிக்கு மௌனமும் தந்த சொல் தண்டனையை அளக்கும் கோலாக மட்டும் இங்கே மிஞ்சியிருக்கிறது.