முளைவேர்

முளைவேர் என்பது வித்துத் தாவரங்களின் கருவில் தோன்றும் முதல் வேர் ஆகும். விதை முளைக்கும்போது பெரும்பாலான தாவரங்களில் முதலில் வெளிவருவது இதுவே. முளைகட்டிய பாசிப்பயறில் வெண்ணிற வால்போல் நீண்டிருப்பதும் இதுதான். ஆயினும் இது முளைக்கும் வேளையில் புதிதாக உண்டாவதில்லை. கரு சில பத்து உயிரணுக்களை மட்டுமே கொண்டிருக்கும் நிலையிலேயே வேருக்கான இடம் குறிக்கப்பட்டு விடுகிறது.

உருவாகும் விதம்

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியிலேயே இது மிக விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இதன் கருமுட்டை சமமற்ற இரு உயிரணுக்களாகப் பிரிகிறது. சிறிய மேல் உயிரணுவிலிருந்து கருவின் பெரும்பகுதி உண்டாகிறது. நீண்ட கீழ் உயிரணு, கருவைச் சூலுடன் இணைக்கும் காம்பு போன்ற கருத்தாங்கியாகிறது.

கருத்தாங்கி பின்னர் அழிந்துவிடும். ஆனால் அதன் உச்சியிலுள்ள ஓர் உயிரணு மட்டும், கரு உருண்டை வடிவில் இருக்கும்போது கருவுடன் சேர்ந்துகொள்கிறது. இதற்கு ஹைப்போபைசிஸ் என்று பெயர். இது குறுக்கே பிரிந்து மேலே வில்லை வடிவ உயிரணுவையும் கீழே பெரிய உயிரணுவையும் தருகிறது. முன்னதிலிருந்து அமைதி மையமும், பின்னதிலிருந்து வேர்மூடியின் நடுப்பகுதியும் தோன்றுகின்றன. வேரின் ஏனைய திசுக்கள் கருவின் மேற்பகுதி வழிவந்தவை. ஆகவே ஒரே உறுப்பாகத் தோன்றும் வேர்நுனி, உண்மையில் இரு வேறு வழித்தோன்றல்களின் இணைப்பாகும்.

அமைதி மையத்தின் உயிரணுக்கள் அரிதாகவே பிரிகின்றன. பிரித்தானியத் தாவரவியலாளர் கிளௌவ்ஸ் 1950களில் மக்காச்சோள வேரில் இதனை விளக்கினார். சுற்றியுள்ள குருத்தணுக்கள் முதிர்ந்துவிடாமல் காப்பது இதன் பணி என்பது, 1997இல் வெளியான லேசர் கதிர்ச் சோதனைகளால் தெரியவந்தது.

ஆக்சினின் பங்கு

ஹைப்போபைசிஸ் தானாக வேராகத் தீர்மானிப்பதில்லை. ஏறத்தாழ 32 உயிரணு நிலையில், ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கருவிலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்து அங்கே சேர்கிறது. இச்செய்தியைக் கடத்தும் மோனோப்டெரோஸ் என்னும் மரபணு பழுதுபட்டால் நாற்று வேரின்றிப் பிறக்கும். செருமனியில் கெர்ட் யூர்கன்சு குழுவினர் 1990களின் தொடக்கத்தில் இத்தகைய நாற்றுகளை விவரித்தனர். வியப்பு என்னவெனில், அந்த நாற்றுகளை வெட்டி ஆக்சின் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் அவற்றிலும் வேற்றிட வேர்கள் தோன்றுகின்றன. எனவே அம்மரபணு இன்றியமையாதது கருவில் வேரின் இடத்தை வகுப்பதற்கே. வேர் உண்டாக்கும் திறன் அதனுடன் அழிந்துவிடுவதில்லை.

புல்லினங்களில்

நெல், மக்காச்சோளம் போன்றவற்றில் முளைவேர் கருவின் உட்புறத்தே தோன்றுகிறது. அதனை மூடியுள்ள திசு கோலியோரைசா என்னும் உறையாகிறது. முளைக்கையில் வேர் இவ்வுறையைத் துளைத்தே வெளிவருகிறது. நெல்லில் முளைவேர் நாற்றுப் பருவத்திற்கே முதன்மையானது. பின்னர் தண்டின் அடிக்கணுக்களில் தோன்றும் சல்லிவேர்களே பயிரைத் தாங்குகின்றன.