அரையடி ஆலமரமும் ஆயிரத்து முந்நூறு ஆண்டும்

"சரித்திர வகுப்பில் தூங்கினதுக்குப் பிராயச்சித்தமா ஒரு சரித்திரக் கட்டுரை எழுதுப்பா" என்று மலர்க்குழு நண்பர் போனில் சொன்னார். எழுதுகிறேன். ராஜாக்களைப் பற்றியல்ல, முசரவாக்கத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் தட்டுத் தொட்டியில் நிற்கும் ஆலமரத்தைப் பற்றி.

1977, எங்கள் இறுதியாண்டு. வெள்ளையடிக்க வந்தவர்கள் விடுதிக் கைப்பிடிச் சுவரின் விரிசலில் இருந்த ஆலங்கன்றைப் பிடுங்கி எறிந்தார்கள். பார்க்க விரல் நீளம்தான், தண்டு மட்டும் கிழவன் மாதிரி முறுக்கேறி இருந்தது. பால்பவுடர் டப்பாவில் வைத்து ஊருக்கு எடுத்து வந்தேன். காஞ்சிபுரத்துக் கோபுரங்களில் பறவை எச்சத்தில் விழுந்து முளைக்கிற அரசும் ஆலும் இப்படித்தான், மண் கிடைக்காமல் குள்ளமாகவே நிற்கும். போன்சாயின் சூட்சுமமும் அதுவே: வேருக்கு இடம் குறைவு, கிளைக்குக் கத்தரி. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "வளர்ற மரத்தை அடக்கி வெச்சா வீடு விளங்குமாடா?" என்பார். ஆனாலும் நான் இல்லாத நாளில் தண்ணீர் விட்டது அவர்தான்.

இந்தக் கலை ஜப்பானுடையது என்று நினைத்திருந்தேன். பிறந்தது சீனாவில். 706-இல் எழுப்பப்பட்ட டாங் வம்ச இளவரசர் லீ சியானின் கல்லறைச் சுவரில், குட்டிச் செடிகளும் கற்களும் வைத்த தட்டைப் பணியாள் ஏந்தி வரும் ஓவியம் இருக்கிறது. அது சியான் நகருக்கு அருகே. டாங் தலைநகர் அங்கேதான் இருந்தது. நமக்குத் தெரிந்த யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்துபோய்த் திரும்பிய ஊரும் அதுவே. அந்த ஓவியம் தீட்டப்பட்ட காலத்தில் நம்மூரை ஆண்டவன், கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன். 720-இல் அவனும் டாங் அரசவைக்குத் தூது அனுப்பியிருக்கிறான். இதை வைத்து 'போன்சாயும் நம்முடையதே' என்று மேடையேறும் ஆசாமிகள் உண்டு. எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். சித்திரமாக நிற்கிற சாட்சி சீனாவில்தான்.

ஜப்பானியர் அதை வாங்கி, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். 1923 பூகம்பத்துக்குப் பின் தோக்கியோ வளர்ப்பாளர்கள் சிலர் ஓமியாவுக்குப் போய் 1925-இல் போன்சாய் கிராமமே அமைத்தார்கள். என் மனசை உலுக்கியது இன்னொன்று. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் 1625-இலிருந்து தொட்டியில் வாழும் வெள்ளைப் பைன் ஒன்று இருந்தது. 1945 ஆகஸ்ட் 6-இல் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், ஒரு மதிலின் மறைவில் தப்பியது. 1976-இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டுக்கு ஜப்பான் தந்த 53 மரங்களில் அதுவும் ஒன்று. குண்டு போட்ட நாட்டுக்கே! குண்டுக்குத் தப்பிய கதையைக் கொடுத்தவர் சொல்லவில்லை. 2001-இல் பேரன்மார் வாஷிங்டன் போய்ச் சொன்ன பிறகுதான் அங்குள்ளவர்களுக்கே தெரிந்தது.

என் ஆல் அவ்வளவு பெரிய மனுஷன் இல்லை. கல்யாணமான புதிதில் அழகுக்காக ஹாலில், டிவி பக்கத்தில் வைத்தேன். ஒரே மாசத்தில் இலையெல்லாம் கொட்டிப் பாதிக் கிளை போயிற்று. வெயிலில்லாத மரம் மரமா? மீதிக் கிளைதான் இன்று நீங்கள் பார்க்கப் போவது.

எனக்கு வயசாகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். முழங்கால் மாடிப்படி ஏற மறுக்கிறது. ஆகவே இந்தச் சந்திப்புக்கு மரத்தையும் அழைத்து வருகிறேன். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளில் யாராவது பொறுப்பெடுத்தால் பழைய விடுதிக்கே திரும்பட்டும். கோடையில் இரண்டு வேளை தண்ணீர். இரண்டு வருஷத்துக்கொருமுறை, ஆடி மழை தொடங்கும்போது, தொட்டியை விட்டு எடுத்து வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிப் புது மண். செம்புக் கம்பி சுற்றினால் பட்டையில் அழுந்துமுன் அவிழ்க்க வேண்டும். முதல்வர் அறை ஏ.சி.யில் மட்டும் வைக்காதீர்கள்.

மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கும். மண்ணில் விரல் வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் பக்கத்தில் சொம்பு இருக்கிறது.