முழக்கமும் எதிரொலியும்
பழைய சுருள்வில் கருவியைத் தேர்வோர்க்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு

சுங்கை செம்பிலாங் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார். அவர் தந்தையார் இளமையில் தோட்டத்துத் திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் கித்தார் வாசித்தவர்; இப்பொழுது முதுமையால் விரல் தளர்ந்துவிட்டது. அவர் வாசித்த மெட்டுகளை அவர் காதாரக் கேட்குமாறு வாசிக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. அதற்கெனப் பல மாத மிகைநேரக் கூலியைச் சேர்த்து வைத்திருந்தார். அமெரிக்காவில் 1960-களில் செய்யப்பட்ட தனிப் பெட்டியான ‘ஸ்பிரிங் ரிவெர்ப்’ கருவி ஒன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, “பழையதுதானே ஐயா, நல்லதாகத்தான் இருக்கும்?” என்று கேட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

முதற்கண் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்வோம். மலையடிவாரத்தில் நின்று கூவினால் கூவிய சொல் சிறிது நேரங் கழித்துத் தனியே திரும்பி வருகின்றது, இஃது எதிரொலி. கல் மண்டபத்தில் நின்று பாடினால் ஒலி தனித்துத் திரும்புவதில்லை. பல சுவர்களில் பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாய்க் கலந்து, மெல்லத் தேய்கின்றது. இதனை முழக்கம் எனலாம். முன்னதை ஆங்கிலத்தில் எக்கோ என்றும் பின்னதை ரிவெர்ப் என்றும் வழங்குவர். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். கருவி வாங்குவோர் பிழைபடுவதும் பெரும்பாலும் இவ்விடத்தேதான்.

நம் பண்டை யாழுக்குப் பத்தர் என்னும் உறுப்பு உண்டு. நரம்பின் மெல்லிய ஒலியைப் பெருக்குவது அதுவே. விபுலாநந்த அடிகளாரின் யாழ்நூல் (1947) கற்றோர் இதனை நன்கறிவர். அமெரிக்காவில் லியோ பெண்டர் 1950-களில் செய்து பரப்பிய மின் கித்தார்களுக்கோ பத்தர் இல்லை. உடல் முழுவதும் திண்ணிய மரம். பத்தரின் வேலையை மின் ஒலிபெருக்கி ஏற்றுக்கொண்டது. ஆனால் மண்டபத்தின் வேலையை ஏற்பது எது? இவ்வினாவிற்கு விடையாக வந்ததே சுருள்வில்.

சுருள்வில் முதலில் இசைக்காகப் பிறந்ததன்று. நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பியில் குரல் சென்று சேர ஏற்படும் காலத்தாழ்வை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்ப்பதற்காக, அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தார் இதனைக் கையாண்டனர். 1935-ஆம் ஆண்டு தம் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொணர்ந்த லாரன்ஸ் ஹாமண்ட் இதனை இசைக்குத் திருப்பினார். தேவாலயத்தில் கேட்ட முழக்கத்தை, கம்பளமும் திரைச்சீலையும் நிறைந்த தம் வீட்டுக் கூடத்தில் காணாது ஆர்கன் வாங்கியோர் குறைபட்டனர். அக்குறையைத் தீர்க்கவே ஹாமண்ட் சுருள்வில்லை நாடினார். தொடக்கத்தில் பருமனாயிருந்த அவ்வமைப்பு, 1960-ஐ ஒட்டி எளிதில் எடுத்துச் செல்லத்தக்க சிறு தட்டாகச் சுருங்கிற்று. அத்தட்டைப் பெற்றே பெண்டர் நிறுவனம் 1961-இல் தன் தனிப் பெட்டியை வெளியிட்டது.

அதன் இயக்கம் எளிது. கித்தாரின் மின்னலை ஒரு சிறு கம்பிச் சுருளுக்குள் செல்ல, வில்லின் முனையிலுள்ள சிறு காந்தம் முறுக்குண்டு அசைகின்றது. அவ்வசைவு வில்லின் வழியே ஓடி மறுமுனையில் மீண்டும் மின்னலையாகின்றது. முழுதும் அடங்காமல் இங்குமங்கும் பலமுறை மோதித் திரும்புகின்றது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல, நொடியை ஆயிரங் கூறாக்கினால் முப்பது நாற்பது கூறு ஆகும். உயர்ந்த சுரமும் தாழ்ந்த சுரமும் ஒரே வேகத்தில் ஓடாமையால், நீர்த்துளி சொட்டுவது போன்ற ஓர் ஓசை எழுகின்றது. கலிபோர்னியக் கடற்கரையில் தோன்றிய அலைச்சறுக்கு இசைக்கு உயிர்நாடியானது இவ்வோசையே. அவ்விசையின் முன்னோடியான டிக் டேல் முதலில் இம்முழக்கத்தை விரும்பியது கித்தாருக்காக அன்று, தம் குரலுக்காக என்பது அவரே கூறிய செய்தி. 1961-இல் வந்த அவருடைய ‘லெட்ஸ் கோ டிரிப்பின்’ இசைத்தட்டில் இம்முழக்கம் இல்லை என்பதும் கருதத்தக்கது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1961-இல் கிளிப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூர் வந்து இசைத்தபின், இவ்வட்டாரம் எங்கும் கித்தார்க் குழுக்கள் கிளைத்தன. ‘பொப் யே யே’ என்னும் மலாய் இசை வகை அவ்வூற்றிலிருந்து பெருகியது. 1964-இல் வந்த எம். ஒஸ்மானின் ‘சுசானா’ அதன் முதற்பாடல்களில் ஒன்று என்பர். ஷாடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் கையாண்டதோ சுருள்வில் அன்று; மியாட்சி என்னும் இத்தாலிய நிறுவனத்தின் காந்தப் பதிவு எதிரொலிக் கருவி. ஆகவே, 1960-இல் புகழ்பெற்ற ‘அப்பாச்சி’ போன்ற அவர்தம் மெட்டுகளில் நாம் கேட்பது கலிபோர்னியாவின் முழக்கம் அன்று, எதிரொலி.

எனவே கருவி தேடுவோர் தாம் எந்த ஒலியைத் தேடுகின்றோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். தேடுவது அலைச்சறுக்கு இசையே எனின், பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்க.

பெண்டரின் தனிப் பெட்டி, கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே அமர்வது. அதில் மூன்று திருகுகள் உண்டு: வில்லுக்குள் எவ்வளவு வலிமையோடு ஒலியைச் செலுத்துவது என்பதற்கு ஒன்று, மீண்டுவரும் முழக்கத்தை எவ்வளவு கலப்பது என்பதற்கு ஒன்று, அம்முழக்கத்தின் கூர்மைக்கு ஒன்று. வில்லை இயக்குவதற்கென்றே அதில் ஓர் ஆற்றல் வால்வு உள்ளது. 1963 முதல் ஒலிபெருக்கிகளுக்குள்ளேயே பொருத்தப்பட்ட முழக்க அமைப்பில் கலப்புத் திருகு மட்டுமே இருந்ததால், சொட்டும் ஓசையைத் தனிப் பெட்டியளவு வேண்டியவாறு ஆள இயலாது. 1965-இல் பெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். வசமாயிற்று, பின்னர் வந்த தனிப் பெட்டி வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்கு மாறியது. இரண்டும் பழையனவே, ஒலியோ வேறு. ஆகவே ஆண்டை மட்டும் பார்த்து விலை பேசற்க. உள்ளே வால்வு உண்டா எனப் பார்த்தே பேசுக.

அமெரிக்கப் பெட்டிகளிற் பெரும்பாலன ஏறத்தாழ 120 வோல்ட் மின்சாரத்துக்கென அமைந்தவை. நம் வீடுகளில் வருவது 230 அல்லது 240 வோல்ட். தக்க மின்மாற்றியின்றிச் செருகினால் கருவி எரிந்துபோம். பழைய இருமுனைச் செருகியில் நிலத்தொடர்பும் இல்லை. அதை மூன்றுமுனையாக மாற்றுவது உயிர்க்காப்பு. வால்வுக் கருவி அணைந்த பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்குமாதலின், கற்றுணர்ந்தவர் அன்றிப் பிறர் திறத்தலாகாது. மின்தேக்கிகள் புதிதாக மாற்றப்பட்டிருப்பின் அதனைக் குறையெனக் கொள்ளற்க. அறுபதாண்டு மின்தேக்கியே குறை. கடலோரக் காற்று படும் நம் பகுதியில் வில்லும் இணைப்பும் துருப்பிடித்துளவா என நோக்குக. வில் தட்டை மாற்ற நேர்ந்தால் மின்தடை அளவு ஒத்த தட்டையே கொள்க. பெட்டியை மெல்லத் தட்டினால் இடியென ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லையெனில் மெல்லிய கம்பி அறுந்திருத்தல் கூடும்.

என் மாணவரிடம் இவற்றையெல்லாம் கூறி, “தம்பி, அப்பாவையே கேட்டுப் பாருங்கள்” என்றேன். ஒரு வாரங் கழித்து வந்தார். ஷாடோஸின் பாட்டொன்றையும் கலிபோர்னியப் பாட்டொன்றையும் தந்தையாருக்குப் போட்டுக் காட்டினாராம். முதற்பாட்டுக்கே பெரியவர் நிமிர்ந்தமர்ந்து, “இதுதான். திரும்பித் திரும்பி வருதே, அதுக்குத்தான் நாங்க ஏங்கினோம். எங்ககிட்ட அந்தப் பெட்டி கிடையாது” என்றாராம்.

மகன் சுருள்வில் கருவியை வாங்கவில்லை. எதிரொலிக் கருவி ஒன்றைத் தேடலானார். மிகைநேரக் கூலி தப்பியது ஒருபுறம் இருக்க, தந்தை அறுபதாண்டு ஏங்கிய ஒலி எது என்பதை மகன் அறிந்துகொண்டார். பழம்பொருளின் வரலாற்றைக் கற்பதன் பயன் இதனினும் வேறு யாது?