எடையும் பங்கும்: போதைவஸ்துச் சட்டத்தின் தண்டனை முறை பற்றிய ஒரு விசாரம்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலை எட்டயபுரத்தையும் குறுக்குச்சாலையையும் கடந்து, ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசற் காட்டினூடே கடலை நோக்கிச் செல்கிறது. அக்கடலோரத்தில் தருவைக்குளம் முதல் வேம்பார் வரையிலும் மீனவர் ஊர்கள் அமைந்திருக்கின்றன. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா தரைவழியே தென்கரையை அடைந்து, அங்கிருந்து படகேறி இலங்கைக்குக் கடத்தப்படுவது நெடுங்காலமாக நிகழ்ந்துவருவதாதலின், 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் இந்த மானாவாரிப் பிரதேசத்து ஜனங்களுக்கு வெறும் ஏட்டுச் சட்டமன்று. லாரி ஓட்டுபவனும், மழை பொய்த்த ஆண்டில் கூலிக்கு எதையும் சுமக்க இசைபவனும் அதன் பிடிக்குள் வரக்கூடியவர்கள். அச்சட்டம் குற்றத்தைப் பொருளின் எடைகொண்டு அளக்கிறதேயன்றி, அக்குற்றத்தில் ஒருவன் வகித்த பங்கைக்கொண்டு அளக்கவில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படுவது.

பிரிட்டிஷ் ஆட்சியில் கஞ்சா ஆயத்தீர்வைக்குரிய சரக்காகவே இருந்தது. 1893-94-இல் அமர்ந்த இந்திய சணற்போதைப் பொருள் விசாரணைக் கமிஷன், அதனை அறவே விலக்குவது அவசியமில்லை என்றே முடிவுசெய்தது. 1961-இன் சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த இந்தியா, மருத்துவமல்லாத பரம்பரை உபயோகத்தை நிறுத்த இருபத்தைந்தாண்டு அவகாசம் பெற்றிருந்து, அது முடியுந் தறுவாயில், பழைய அபினிச் சட்டங்களையும் 1930-ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டத்தையும் நீக்கி, 1985 நவம்பர் 14 முதல் இப்போதைய சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. பூவோ காயோ சேராத வெறும் இலை அப்போதும் கஞ்சா என்ற வரையறைக்குப் புறம்பாகவே விடப்பட்டது.

ஹெராயின், அபினி முதலியவற்றைப் பொறுத்தவரை, சொந்த உபயோகத்துக்கான சிற்றளவே தன்னிடம் இருந்ததென்று மெய்ப்பித்தாலன்றி, பிடிபட்டவனுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல் என்றிருந்த ஆதி விதியை நோக்க, 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் பெரிய முன்னேற்றமே. அதனை மறுப்பது நியாயமாகாது. அத்திருத்தம் அளவை மூன்றாக வகுத்தது. கஞ்சாவாயின் ஒரு கிலோவுக்கு உட்பட்டது சிறு அளவு. அதற்கு இன்று அதிகபட்சம் ஓராண்டுக் கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குப் பத்து முதல் இருபதாண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும். இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. ஹெராயினுக்கு இவ்வெல்லைகள் ஐந்து கிராமும் இருநூற்றைம்பது கிராமும் ஆகும். ஆகவே பத்தொன்பது கிலோ வைத்திருந்தவனுக்கு இரண்டாண்டு விதிக்கவும் நீதிபதிக்கு இடமுண்டு. இருபத்தொரு கிலோ சுமந்தவனுக்கோ பத்தாண்டுக்குக் குறைய இடமேயில்லை. சரக்கின் சொந்தக்காரன் முன்னவனாகவும் கூலிக்குச் சுமந்தவன் பின்னவனாகவும் இருந்தாலும் விதி மாறுவதில்லை. கலப்படப் பொடியில் போதைவஸ்துவின் தூய அளவை மட்டுமே கணக்கிடவேண்டுமென்று 2008-இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2020-இல் ஹீரா சிங் வழக்கில் அதனை மாற்றி, கலவையின் மொத்த எடையே கணக்கென்று தீர்த்தபின் தராசின் ஆட்சி இன்னும் உறுதிப்பட்டது.

தீர்ப்புக்கு முந்திய நிலையும் இங்கே கருதத்தக்கது. பொருள் ஒருவன் வசத்தில் இருந்ததென்று நிரூபணமாயின், அறிந்தே வைத்திருந்தான் என்று சட்டம் அனுமானிக்கிறது. அறியாமையை மெய்ப்பிக்கும் பாரம் அவனைச் சேர்ந்தது. வணிக அளவாயின், அவன் குற்றவாளியல்லன் என்று நம்ப நியாயமான ஆதாரம் உண்டென்றும், வெளியே விட்டால் குற்றஞ் செய்யமாட்டான் என்றும் நீதிமன்றம் திருப்தியடைந்தாலன்றி ஜாமீன் இல்லை. குற்றப்பத்திரிகைக்கே நூற்றெண்பது நாள் அவகாசம். உடலைச் சோதிக்குமுன் கெஜட்டட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ கொண்டுசெல்லக் கோரும் உரிமை அவனுக்கு உண்டென்று அவனுக்கே தெரிவிக்கவேண்டுமென 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும், விசாரணை அதிகாரி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாதென 2020-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோஃபான் சிங் வழக்கிலும் உச்சநீதிமன்றம் காத்துக்கொடுத்தவை அருமையான பாதுகாப்புகள். ஆயினும் அவை விசாரணையின் நேர்மையைக் காப்பனவே. குற்றம் நிரூபணமானபின் தண்டனையின் அளவை அவை தொடுவதில்லை.

ஓட்டப்பிடாரத்தில் பிறந்து அவ்வூரிலேயே வக்கீலாகத் தொழில் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு 1908-இல் ராஜத்துரோக வழக்கில் நீதிபதி பின்ஹே விதித்த ஆயுள் நாடுகடத்தல் தண்டனையைச் சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் குறைத்தது. அன்னியர் இயற்றிய ராஜத்துரோகச் சட்டத்தைப் போற்ற ஏதுமில்லை. எனினும் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை அது நீதிபதியிடமிருந்து பறிக்கவில்லை. சுதந்திர இந்தியா இயற்றிய இச்சட்டத்திலோ, வணிக அளவென்று தீர்ந்த வழக்கில் பத்தாண்டுக்குக் கீழிறங்க உயர்நீதிமன்றத்துக்கும் வழியில்லை.

போதைவஸ்து கொடியது, கடுமை குறைந்தால் அது பெருகும் என்பார் கூற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் முன்னுதாரணமாகக் காட்டும் சிங்கப்பூரிலே ஐந்நூறு கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்தியவனுக்கு மரண தண்டனை உண்டு. நம் நாட்டில் அந்த ஐந்நூறு கிராம் சிறு அளவினுள் அடங்கிவிடும். கரிசல் நாட்டிலிருந்து அங்கே கூலி வேலைக்குச் செல்லும் இளைஞன் விமானம் ஏறுமுன் அறியவேண்டிய பேதம் இது. ஆனால் அத்தனை கடுமையான சிங்கப்பூரும் 2012-இல் தன் சட்டத்தைத் திருத்தி, தான் சுமந்து சென்றவன் மட்டுமே என்று மெய்ப்பித்து, கடத்தலைக் குலைக்க மெய்யாகவே உதவினான் என்ற அரசுத்தரப்புச் சான்றும் பெற்றவனுக்கு, மரணத்துக்குப் பதிலாக ஆயுட்சிறையும் பிரம்படியும் விதிக்கும் அதிகாரத்தை 2013 முதல் நீதிபதிக்கு அளித்திருக்கிறது. அங்கே எடையோடு பங்கும் கணக்கில் வந்துவிட்டது.

நம் சட்டத்தின் 32-பி பிரிவு, குறைந்தபட்சத்துக்கு மேலே செல்வதற்குரிய காரணங்களை, ஆயுதம் ஏந்தியது, சிறாரைப் பயன்படுத்தியது என்பனபோல, வரிசையாகச் சொல்லுகிறது; கீழே செல்வதற்குரிய காரணம் ஒன்றையும் சொல்லவில்லை. கூலிக்குச் சுமந்தவன், லாபத்தில் பங்கில்லாதவன், முன்குற்றம் அற்றவன் என்பவற்றை எதிரியே மெய்ப்பிக்குமிடத்து, காரணத்தை எழுதி வைத்துப் பத்தாண்டுக்குக் குறைவாக விதிக்கலாம் என்னும் உட்பிரிவு அங்கேதான் சேர்க்கப்படவேண்டும். சூத்திரதாரிகளும் சுமைகூலி வேஷம் போட்டுத் தப்புவார்கள் என்ற அச்சத்துக்கு, மெய்ப்பிக்கும் பாரத்தை எதிரியின்மேல் சுமத்துவதே விடையாகும். அந்தப் பாரத்தை இச்சட்டம் ஏனைய விஷயங்களில் அவன்மேல் ஏற்கெனவே சுமத்தியிருக்கிறது.