தாத்தா காலத்து நியூஸ் கூகுளில் கிடைக்காது... யுனிவர்சிட்டி லைப்ரரியில் கிடைக்கும்!

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பழுப்பேறிய ஒரு பேப்பர் கட்டிங் வந்து விழுகிறது. 'தனுஷ்கோடி ரயில் கடலில் மூழ்கியது' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே பலியானவர்கள் எண்ணிக்கை, மேலே '23-12-1964' என்று தேதி. 'ஒரிஜினல் பேப்பர், பத்திரமா வெச்சுக்கோங்க' என்று மாமாவின் மெசேஜ் வேறு. பத்து பேர் அழுகிற எமோஜி போட்டுவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம். இது நிஜமாகவே அன்றைக்கு அச்சானதா, இல்லை போன மாசம் யாரோ ஆப்பில் செய்ததா?

அந்தப் புயலில் போனவர் ஒருவர் உங்கள் பாட்டி வீட்டிலேயே உண்டு என்றால், இதை வெறும் ஃபார்வர்டு என்று தள்ளிவிட முடியாது. கூகுளில் தேடுவீர்கள். யூடியூப் வீடியோக்களும், ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதிய கட்டுரைகளும் வரிசைகட்டும். அன்றைய பேப்பர் மட்டும் வராது. காரணம் சிம்பிள். பழைய தமிழ்ப் பேப்பர்களில் பெரும்பகுதி இன்னும் ஸ்கேன் ஆகவே இல்லை. ஸ்கேன் ஆன பலவும் சந்தா கட்டிய நூலகங்களின் லாகினுக்குப் பின்னால் இருக்கின்றன. நீங்கள் கல்லூரி மாணவர் என்றால் அந்தக் கதவின் சாவி ஏற்கெனவே உங்கள் ஐடி கார்டில் இருக்கலாம்.

முதலில் தேதி

லைப்ரரிக்குக் கிளம்பும் முன் ஒரு சின்னக் கணக்கு. புயல் தனுஷ்கோடியை அடித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் சிக்கியதும் அப்போதுதான். காலைப் பேப்பர் முந்தைய இரவே அச்சுக்குப் போய்விடும். தீவோடு தகவல் தொடர்பும் அறுந்துபோயிருந்தது. அப்படியிருக்க, 23-ம் தேதி காலைப் பேப்பரில் ரயில் மூழ்கிய செய்தியும் பலி எண்ணிக்கையும் எப்படி வரும்? மாமாவின் கட்டிங் மேல் நியாயமான முதல் சந்தேகம் இங்கேயே விழுகிறது.

ஆகவே தேட வேண்டியது சம்பவம் நடந்த தேதியை அல்ல, அதற்கு அடுத்த ஒரு வாரத்தை. 24, 25, 26 என்று நாள் நாளாகப் புரட்டுங்கள். பேரிடர்ச் செய்திகளில் முதல் நாள் எண் ஒன்று, மூன்றாம் நாள் எண் வேறு. ரயிலில் இருந்தவர்கள் 115 பேர் என்பதுதான் இன்று அதிகம் சொல்லப்படுகிறது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் 200 வரும் என்பவர்களும் உண்டு. ஒரே ஒரு நாள் பேப்பரைப் பார்த்துவிட்டு 'இதுதான் உண்மை' என்று முடிவுகட்டினால் நீங்களும் இன்னொரு ஃபார்வர்டுதான் தயாரிக்கிறீர்கள்.

கேட்லாக்கில் செய்தி இருக்காது

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குவார்கள். லைப்ரரி கம்ப்யூட்டரில் 'தனுஷ்கோடி புயல்' என்று அடித்தால் புத்தகங்கள் வரும், பேப்பர் செய்தி வராது. கேட்லாக்குக்குத் தெரிந்ததெல்லாம் பேப்பரின் பெயரும், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை கையில் இருக்கிறது என்பதும்தான். அதனால் பேப்பர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். 1964-க்கு என்றால் தினமணி, தினத்தந்தி, சுதேசமித்திரன், விடுதலை. ஆங்கிலத்தில் தி இந்து, இந்தியன் எக்ஸ்பிரஸ், மாலைப் பேப்பரான தி மெயில்.

இல்லையென்றால் நேராக பீரியாடிகல்ஸ் பிரிவுக்குப் போய் அங்கிருப்பவரிடம் கேட்டுவிடுங்கள். வெட்கமே வேண்டாம். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர்.ரங்கநாதன், வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதையே நூலக விதிகளில் ஒன்றாக வைத்தவர். 'ஏதாவது பழைய பேப்பர் இருக்கா சார்?' என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. '1964 டிசம்பர் கடைசி வாரம், எந்தத் தமிழ் நாளிதழாக இருந்தாலும் சரி' என்று கேட்டுப்பாருங்கள். அவர் எழுந்துகொள்வார்.

உங்கள் முன் வருவது மாதவாரியாக பைண்ட் செய்த பெரிய வால்யூமாகவோ, மைக்ரோஃபிலிமாகவோ இருக்கும். நியூஸ்பிரின்ட் மரக்கூழில் செய்த மலிவுத் தாள். நாளாக ஆக அதிலிருக்கும் அமிலமே அதைத் தின்றுவிடும். ஓரத்தைப் பிடித்துத் திருப்பினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால்தான் ஜெராக்ஸ் தர மறுக்கிறார்கள். ஃப்ளாஷ் இல்லாமல் போனில் படமெடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு கல்லூரி மாணவர் என்றால் உங்கள் துறைத்தலைவரிடமோ நூலகரிடமோ ஒரு கடிதம் வாங்கிப் போவது நல்லது. ஒவ்வொரு இடத்திலும் ரூல்ஸ் வேறு. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிட்டால் பஸ் செலவு மிச்சம்.

லாகினுக்குப் பின்னால்

பல்கலைக்கழகங்கள் சந்தா கட்டும் டேட்டாபேஸ்களில் இந்த வேலைக்கு உதவுவது புரோக்வெஸ்ட்டின் பழைய பத்திரிகைத் தொகுப்பு. டைம்ஸ் ஆஃப் இந்தியா அதில் 1838 முதல் பக்கம் பக்கமாக இருக்கிறது. எல்லா நூலகமும் இதை வாங்குவதில்லை. வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கும் நண்பர் இருந்தால், அவர் யுனிவர்சிட்டியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம்மூர்க் கல்லூரிகளில் கிடைக்கும் என்-லிஸ்ட், 'ஒரே நாடு ஒரே சந்தா' இரண்டும் ஆய்விதழ்களை மனதில் வைத்தவை. அங்கே பழைய பேப்பரைத் தேடி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எதுவாக இருந்தாலும் உங்கள் லைப்ரரியின் இணையதளம் வழியாக உள்ளே போங்கள். கூகுள் வழியாக நேரே போனால் காசு கேட்கும்.

ஆங்கிலப் பேப்பரில் தேடும்போது ஸ்பெல்லிங் விளையாட்டு காட்டும். தனுஷ்கோடியில் ஒரு ஹெச் குறைந்திருக்கலாம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று பக்கத்து ஊர்களையும் போட்டுப் பாருங்கள். இன்னும் பழைய செய்தி என்றால் திருநெல்வேலியை டின்னவெல்லி என்றும், திருச்சியை டிரிச்சினாபொலி என்றும் தேட வேண்டும். சென்னை, ஆங்கிலத்தில் 1996 வரை மெட்ராஸ்தான்.

தமிழில் சிக்கல் வேறு மாதிரி. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வரும்வரை பெரும்பாலான அச்சகங்களில் லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவம்தான். றா, னா-வும் அப்படியே. ஸ்கேனிலிருந்து எழுத்தைப் படிக்கும் சாஃப்ட்வேர் இதில் தடுமாறும். எனவே வார்த்தை போட்டுத் தேடுவதை நம்பாமல், தேதியைத் திறந்து கண்ணால் படியுங்கள். கூடுதல் லாபம் ஒன்று உண்டு. மாமாவின் கட்டிங்கில் இன்றைய 'லை' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பெரியாரின் பத்திரிகைகள் 1935-லேயே புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன. சொற்களும் மாறியிருக்கும். 1930-களின் தேர்தல் செய்தியில் வேட்பாளர் கிடைக்க மாட்டார், 'அபேட்சகர்' கிடைப்பார்.

அங்கே இல்லையென்றால்

சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா, நாட்டில் வெளியாகும் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. இதற்கான சட்டம் 1954-ல் வந்தது, 1956-ல் பத்திரிகைகளும் அதில் சேர்ந்தன. ஆக 1964 அதற்குள் அடங்கும் காலம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரர் ஒருவரின் வாழ்நாள் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி இங்கேயே வைத்ததில் 1994-ல் உருவானது. பழைய இதழ்களுக்குத் தங்கச் சுரங்கம்.

அதே புயல் இலங்கையின் வடபகுதியையும் தாக்கியது. அந்தப் பக்கத்துப் பார்வை வேண்டுமென்றால் வீரகேசரி, யாழ்ப்பாணத்து ஈழநாடு. இலங்கைத் தமிழ் ஏடுகளின் ஸ்கேன்கள் 'நூலகம்' தளத்தில் இலவசம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் இருக்கின்றன. இதையெல்லாம் பஸ்ஸில் போகும்போதே போனில் பார்க்கலாம்.

சில டேட்டாபேஸ்கள் செய்தியை வெறும் டெக்ஸ்ட்டாக மட்டும் தரும். படமும் விளம்பரமும் போயிடும், செய்தி எந்தப் பக்கத்தில் எவ்வளவு பெரிதாக வந்தது என்பதும் போயிடும். பக்கத்தின் படம் கிடைக்குமென்றால் அதையே எடுங்கள். பேப்பர் பெயர், தேதி, பக்க எண்ணோடு எந்த ஊர்ப் பதிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மதுரைப் பதிப்பில் இருப்பது சென்னைப் பதிப்பில் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை.

கிடைத்ததை குரூப்பில் போடும்போது செய்தியை மட்டும் க்ராப் செய்யாதீர்கள். பேப்பர் பெயரும் தேதியும் தெரியும் மேல்பகுதியோடு முழுப் பக்கமாகப் போடுங்கள். மாமா கட்டாயம் 'இது எங்க கெடைச்சது?' என்று கேட்பார். லைப்ரரி பெயரையும் வால்யூம் விவரத்தையும் அதன் கீழேயே டைப் பண்ணிடுங்க.