எந்தத் தெருவு? – லிஸ்ப் மொழியில் முத்திரையின் வரலாறு

பழைய கணக்கு ஏட்டில் 'க' என்று ஒரு கீற்று. அது எழுத்தா, ஒன்று என்ற எண்ணா? கீற்றை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உ என்றால் இரண்டு, ச நான்கு, எ ஏழு, அ எட்டு. டவுண் தெற்குப் புதுத்தெருவில் கவிராயர் வீட்டு ஏடுகளைப் பார்த்தது பற்றி உ.வே.சா. தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் தேடி வந்தது பாட்டு ஏடுகள். பாட்டில் யாப்பு உதவும், உரை உதவும். கணக்கு ஏட்டில் அந்த வசதி இல்லை. அதனால் கணக்கெழுதியவர்கள் எண்ணை ஒட்டி ஓர் அடையாளம் போட்டார்கள். ௹ என்றால் ரூபாய், ௵ வருஷம், ௳ நாள், ௷ வரவு, ௶ பற்று. எண் அதேதான், பக்கத்தில் நிற்கிற கீற்றுதான் அது காசா காலமா, கொடுத்ததா வாங்கியதா என்று தீர்மானிக்கிறது. அந்தக் கீற்று தெரிந்தவரிடம் ஊர் நிலம் முழுக்க இருந்தது. 1980 நவம்பரில் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டபோது ஒரு சம்பளக்காரர் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை, வாசிப்பின் மீதான ஏகபோகம் ஒன்றும் போயிற்று.

கம்ப்யூட்டர் நினைவகத்தில் கிடப்பதும் இந்த 'க'தான். முப்பத்திரண்டு பிட்கள் வரிசையாக நிற்கின்றன; அவை எண்ணாக இருக்கலாம், எழுத்தாக இருக்கலாம், இன்னோர் இடத்தின் முகவரியாகவும் இருக்கலாம். தன்னை இன்னதென்று சொல்லிக்கொள்ளும் குணம் அவற்றுக்குள் கிடையாது. சி மொழி இந்தச் சிக்கலை ஒரு விதமாகத் தீர்க்கிறது. வகை என்பது மாறியின் சொத்து, அதில் வந்து உட்காரும் மதிப்பின் சொத்து அல்ல. இந்த இடத்தில் எண்தான் இருக்கும் என்று நிரலாளர் முதலிலேயே எழுதிவிடுகிறார். கம்பைலர் அதைச் சரிபார்த்துவிட்டு, தகவலை ஏறக்குறைய முழுதாகத் தூக்கி எறிந்துவிடுகிறது. ஓடும்போது வெறும் பிட்கள்தான்.

லிஸ்ப் வேறு ஜாதி. (இந்தச் சொல் இங்கே தானாக வந்து விழுவதை வாசகர்கள் கவனிக்கலாம்.) எந்த இடத்தில் எதுவும் வந்து உட்காரலாம், அதனால் ஒவ்வொரு மதிப்பும் தன் வகையைத் தானே சுமந்துகொண்டு திரிய வேண்டும். ஆங்கிலத்தில் டேக் என்கிறார்கள். மரக்காலிலும் படியிலும் குத்தும் முத்திரையை நினைத்துக்கொண்டு நான் முத்திரை என்கிறேன். லிஸ்ப் இன்டர்பிரட்டரை சி மொழியில் எழுத உட்காருகிறவர், சி தூக்கி எறிந்ததைத் திரும்பப் பொறுக்கி ஒட்டவைக்க வேண்டும். எங்கே ஒட்டுவது? வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

1958-இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப்பைத் தொடங்கியபோது இருந்த யந்திரம் ஐ.பி.எம். 704. அதன் சொல்லுக்கு 36 பிட். அதில் பதினைந்து பதினைந்தாக இரண்டு பகுதிகள். அவற்றிலிருந்துதான் 'கார்', 'குடர்' என்ற விநோதப் பெயர்கள் வந்தன. மிச்சம் மும்மூன்று பிட்டாக இரண்டு துண்டு. ஒன்றுக்கு டேக் என்றே பெயர், ஆனால் யந்திரம் அதை வைத்திருந்தது வேறு வேலைக்கு. லிஸ்ப் 1.5-இல் ஒரு சொல்லை, பட்டியலிலிருந்து பிரித்துக் காட்ட அதன் கார் பகுதியில் கழித்தல் ஒன்று என்ற எண்ணைப் போட்டுவைத்தார்கள்.

1970-களின் மக்லிஸ்ப் செய்த காரியம்தான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்தது. கை ஸ்டீல் 1977-இல் அதை விளக்கி எழுதினார். மதிப்பின் மேல் முத்திரையே கிடையாது. நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து, எண்களெல்லாம் சில பக்கங்களில், பட்டியல்களெல்லாம் வேறு சில பக்கங்களில் என்று குடிவைத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஓர் அட்டவணை. இன்னதென்று தெரிய வேண்டுமா, அதைத் திறந்து பார்க்க வேண்டாம், முகவரியைப் பார்த்தால் போதும். 'பிபாப்' என்று இதற்குப் பெயர்.

நமக்கு இது புதிதா? "டவுண்ல எந்தத் தெருவு அண்ணாச்சி?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்கும்போது அவர் உங்களுக்குக் கடிதம் போடுவதற்காகக் கேட்கவில்லை. தெருப்பேரைச் சொன்னதும் அவர் மனசுக்குள் அட்டவணை புரளுகிறது. ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

சி மொழி இன்டர்பிரட்டர்களில் நின்று நிலைத்தவை வேறு இரண்டு வழிகள். எளிய வழி, மதிப்போடு ஒரு வகை எண்ணையும் சேர்த்து ஸ்ட்ரக்டில் அடைப்பது. சுத்தமானது, ஆனால் சின்னஞ்சிறு எண்ணுக்கும் ஒரு பெட்டி வாங்க வேண்டும். மற்றது தந்திரமானது. நினைவகத்தில் பொருள்களை எட்டின் மடங்கான முகவரிகளில் வைத்தால் முகவரியின் கடைசி மூன்று பிட் எப்போதும் பூஜ்யம். சும்மா கிடக்கிற அந்த மூன்றில் முத்திரையைக் குத்தலாம், எட்டு வகை கிடைக்கும். சிறு எண்ணுக்குப் பூஜ்யத்தையே முத்திரையாகக் கொடுத்தால் இரண்டு எண்களை முத்திரை கழற்றாமல் அப்படியே கூட்டலாம். எந்த வகைக்குப் பூஜ்யம் என்பதிலேயே ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது; யாருக்கு வேலை சுலபமாக நடக்க வேண்டும் என்று நிரலாளர் முடிவு செய்திருக்கிறார்.

முத்திரைக்கு இடச்செலவு உண்டு. சி மொழியில் எழுதிய லிஸ்ப்பின் மேல் நிற்கும் எடிட்டர் ஜி.என்.யூ. ஈமாக்ஸ். அதன் பழைய பதிப்புகளில் 32 பிட்டில் மேலே எட்டு, முத்திரைக்கும் குப்பை பொறுக்கும் குறிக்கும் போயிற்று. எண்ணுக்கு மிச்சம் 24, அதாவது 83,88,607-க்கு மேல் எண்ண முடியாது. எழுத்தின் இடத்தையும் அந்த எண்ணால்தான் சொல்ல வேண்டும். ஆகவே எட்டு மெகாபைட்டுக்குப் பெரிய கோப்பைத் திறக்க முடியவில்லை. பின்னால் முத்திரையைச் சுருக்கி 28 பிட் ஆக்கினார்கள். மதிப்புகள் மாறவில்லை, முத்திரை மட்டும் இடம் பெயர்ந்தது. முத்திரை மதிப்பின் இயல்பு அல்ல என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் முத்திரையையே அழித்துவிடலாமே என்று தோழர்கள் கேட்பார்கள். சோதிக்காமல் எண்ணை முகவரி என்று நம்பி உள்ளே போனால் நிரல் விழும். முத்திரையில்லாத ஏடு யாருக்குச் சாதகமாக இருந்தது என்பதையும் பார்த்தோம். சாதிச் சான்றிதழும் ஒரு முத்திரைதான், அது இல்லாமல் இடஒதுக்கீடு இல்லை. பிரச்சினை, யார் எதற்காக வாசிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. லிஸ்ப்பில் எழுதுகிறவர் கண்ணுக்கு அந்த மூன்று பிட்கள் படுவதில்லை. "இது எண்ணா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும், அவ்வளவுதான். பிட்களைத் தொடுவது அடியில் கிடக்கும் சி நிரல் மட்டும்.

நம் மாவட்டப் பள்ளிகளில் முத்திரை மணிக்கட்டில் இருந்தது. வண்ணக் கயிறு, எந்த நிறம் எந்தச் சாதி என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். 2019-இல் பள்ளிக்கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் கூடாது என்றது. உதவித்தொகையை நிறுத்தச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய தகவலை வகுப்பில் வைத்துச் சொல்லாமல், தலைமையாசிரியர் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்றது.